முதல் தடவை வராத காகிதம்

அத்தியாயம் 7

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். சில்லறையின் கண்ணுக்கு அன்று குமாஸ்தாதான் பேய்.

அவரோ தன் பாட்டுக்கு வக்கீலம்மாவின் அலுவலகத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்து, கேஸ் கட்டுகளுக்குத் துளை போட்டுக்கொண்டிருந்தார். துளைக்கருவி ஒவ்வொரு முறை 'டொக்' என்றபோதும் யாரோ கதவை இடிப்பதுபோல அவளுக்குக் கேட்டது. அக்கா வீட்டுக் கதவை.

சில்லறை என்பது அவளுடைய சொந்தப் பெயர் இல்லை. சட்டைப் பையில் கிடக்கும் சில்லறை மாதிரி ஓயாமல் சத்தம் போடுகிறவள் என்று அவளுடைய முதலாளி வைத்த பெயர். முதலாளியும் லேசுப்பட்டவர் இல்லை. துப்பறியப் போகிற வீட்டில் எல்லாம் ஏதோ தூரத்து உறவுக்காரர் மாதிரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, 'அப்புறம்?' என்று ஆரம்பிப்பார். கேட்கிறவர்கள் குடும்ப ரகசியம் வரை கொட்டிவிடுவார்கள். அதனால் அவருக்கு ஊர் வைத்த பெயர் சித்தப்பா.

இன்று வந்திருப்பது ஊரான் வீட்டு வழக்கு இல்லை. சில்லறையின் அக்கா புருஷனின் அடி தாங்க முடியாமல் மகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறியவள். அவன் அவளை நெருங்கக் கூடாது என்று நீதிமன்றம் தடை போட்டிருந்தது. ஆனாலும் அவள் முதலில் ஒளிந்த மகளிர் விடுதி வாசலில் மறுநாளே வந்து நின்றான். அடுத்து ஒரு சிநேகிதி வீடு. அங்கே கதவை உடைத்தே விட்டான். பக்கத்து வீட்டார் கூடியதால் அக்கா தப்பினாள். போலீஸ் வருவதற்குள் ஆள் மாயம், இதுவரை சிக்கவில்லை. இப்போது அக்கா இருப்பது மூன்றாவது இடம், ஊரின் மறுகோடி. செல்போனைக் கூட அணைத்து வைக்கச் சொல்லியிருந்தார் சித்தப்பா. பொழுது சாயும் நேரத்தில் ஒரே ஒரு தடவை அவளே போட்டுப் பேசுவாள்.

இரண்டு தடவையும் புது விலாசத்தை எழுதி வைத்திருந்த இடம் ஒன்றே ஒன்றுதான். இந்த அலுவலகம்.

"திருடன் இந்த ரூமுக்குள்ளதான் இருக்கான் சித்தப்பா," என்று காதைக் கடித்தாள் சில்லறை. "எனக்குத் துளை போடற சத்தத்துலயே தெரியுது."

"சத்தத்துல தெரியற திருடனைப் பிடிக்க நான் எதுக்கு? நாய் போதுமே." சித்தப்பா மேஜைமேல் இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "இதைப் பாரு முதல்ல."

இரண்டும் ஒரே கடிதம். இன்ன விலாசத்தில் இருக்கும் பெண்ணுக்குப் பாதுகாப்புத் தர வேண்டும் என்று வக்கீலம்மா நீதிமன்றத்துக்கு எழுதியது. ஒன்று அலுவலகப் பிரதி, உச்சியில் நீல எழுத்தில் வக்கீலம்மாவின் பெயர் அச்சடித்த லெட்டர்ஹெட். மற்றொன்று, சிநேகிதி வீட்டுக் கதவை உடைத்த கலாட்டாவில் அக்கா புருஷன் நழுவவிட்டுப் போன தாள். அதில் லெட்டர்ஹெட் இல்லை. வெறும் வெள்ளைத் தாள். இடது ஓரத்தில் மேலிருந்து கீழ் வரை தலைமுடி மாதிரி ஒரு கறுப்புக் கோடு.

"ஜெராக்ஸ் எடுத்திருந்தா நீல எழுத்தும் நிழலாவாவது வந்திருக்கும்," என்றார் சித்தப்பா. "வரலை. அதனால யாரும் இந்தக் காகிதத்தைத் திருடலை."

"பின்ன எழுத்தை மட்டும் உறிஞ்சி எடுத்தானா? கொசுவா அவன்?"

"கம்ப்யூட்டர்லேந்து தனியா, வெள்ளைத் தாள்ல இன்னொரு பிரிண்ட் போட்டிருக்காங்க." வக்கீலம்மாவின் குரல் வறண்டிருந்தது. கண்ணுக்குக் கீழே கருவளையம். "அப்படின்னா அது என் ஆபீஸ் ஆள்தான். இங்க இருக்கறது நானும் இவரும் மட்டும்."

துளைக்கருவி நின்றது. குமாஸ்தா எழுந்தார்.

"அம்மா, உங்கப்பா காலத்துலேந்து இந்த நாற்காலியைத் தேய்ச்சவன் நான். சந்தேகம்னா நேராச் சொல்லிடுங்க. சுத்தி வளைச்சு அடிக்காதீங்க."

"நான் நேராவே சொல்றேன்," என்றாள் சில்லறை. குரல் அவளை மீறி உயர்ந்தது. "என் அக்கா மகள் ரெண்டு நாளா கட்டிலுக்கு அடியிலதான் தூங்கறா. கட்டில் மேல படுத்தா அப்பா வந்துடுவாராம். நீங்க யாருக்குச் சொன்னீங்க? எதுக்குச் சொன்னீங்க?"

குமாஸ்தா கையிலிருந்த துளைக்கருவியை மேஜைமேல் வைத்தார்.

"இரு," என்றார் சித்தப்பா. "மேடம், நீங்க உங்க வேலையைப் பாருங்க. நேரமாகுது."

வேலை என்பது மூன்றாவது கடிதம். நீதிமன்றம் மூடுவதற்குள் அதைக் கொடுத்தால்தான் அந்தப் பகுதிப் போலீஸ் அக்கா வீட்டு வாசலில் காவல் போடும். வக்கீலம்மா தட்டச்சு செய்து முடித்து, பிரிண்ட் கொடுத்தார். ஜன்னலோரம் இருந்த பிரின்டர் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது.

"வரலை," என்றார் வக்கீலம்மா.

கண்ணில் நீர் முட்ட நின்றிருந்த குமாஸ்தா பழக்கதோஷத்தில் பிரின்டரிடம் போனார். சுவிட்சை அணைத்தார். மனசுக்குள் ஏதோ எண்ணினார். மறுபடி போட்டார். பிரின்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தது. வக்கீலம்மா மறுபடி பிரிண்ட் கொடுத்தார். இந்தத் தடவை லெட்டர்ஹெட்டில் கடிதம் சமர்த்தாக வந்து விழுந்தது.

"என்ன இது, எருமையை எழுப்பற மாதிரி?" என்றாள் சில்லறை, கோபத்திலும் வாய் சும்மா இருக்காமல்.

"எப்பவும் இப்படித்தான்," என்றார் குமாஸ்தா. "நெட்வொர்க்னு ஒரு சனியன் வந்ததுலேந்து. முன்னாடி பென்டிரைவை எடுத்துட்டு இந்த டேபிள்லேந்து அந்த டேபிளுக்கு நானே நடப்பேன். என் கையில இருக்கறது எங்க போகுதுன்னு எனக்குத் தெரியும்."

சித்தப்பா நாற்காலியைச் சரக்கென்று இழுத்துப் போட்டுக்கொண்டார். சில்லறைக்கு அந்தச் சத்தம் தெரியும். மீன் தூண்டிலைக் கடித்துவிட்டது.

"அப்புறம்?" என்றார்.

இந்த அலுவலகத்துக்கு நெட்வொர்க் வந்தது அண்மையில்தான். போட்டது வக்கீலம்மாவின் தம்பி. அவன் வாழ்க்கையில் போட்ட முதல் நெட்வொர்க் இது. மூன்று கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கேபிள். எல்லாக் கேபிளும் சுவரில் வரிசையாக அடித்த கிளிப்புகள் வழியே ஓடி, அலமாரி மேலிருந்த ஒரு சிறிய பெட்டியில் போய்ச் சேரும். அந்தப் பெட்டியில் பச்சை விளக்குகள் சிமிட்டிக்கொண்டே இருக்கும். யாருக்கு வந்த தகவலை யாரிடம் தள்ள வேண்டும் என்று பார்க்கிற நாற்சந்திப் போலீஸ்காரர் அதுதான். முதல் கேபிள் முனையை அவன் நாலு தடவை வெட்டி வெட்டி மாட்டியதையும், கடைசியில் பச்சை விளக்கு எரிந்தபோது குழந்தை நடந்த மாதிரி குதித்ததையும் குமாஸ்தா நடித்தே காட்டினார்.

"அன்னிக்கே பிரின்டர் மக்கர் பண்ணுச்சா?"

"இல்லையே. ஆரம்பத்துல நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் இன்டர்நெட் வேணும்னு ஒரு கேபிளை எங்கேயோ இழுத்தான். அதுக்கப்புறம்தான் ரோதனை."

சித்தப்பாவின் கண் சுவரில் ஏறியது. மூன்று கேபிள் கீழேயிருந்து பெட்டிக்கு வந்தன. நான்காவது ஒன்று பிரின்டருடையது. ஐந்தாவது பெட்டியிலிருந்து கிளம்பி, கூரையில் போட்ட ஓட்டைக்குள் எலி வால் மாதிரி மறைந்தது.

அவர் குமாஸ்தாவின் மேஜையிலிருந்த குறிப்புத் தாள் கட்டை எடுத்தார். பாழான தாள்களின் பின்பக்கத்தில் எழுதுவதற்காக அவர் கிளிப் போட்டு வைத்திருந்தது. ஒவ்வொன்றாகத் திருப்பினார். ஒரு தாளில் நின்றார். மெல்லச் சிரித்தார்.

"சில்லறை, படி."

வக்கீலம்மாவின் லெட்டர்ஹெட். நீல எழுத்து, பெயர், பட்டம் எல்லாம் இருந்தது. அதன் கீழே:

'வேன் ஒன்று. ஏழு பேர், கைக்குழந்தை ஒன்று. பெட்டிகள் அதிகம். டிரைவர் சிகரெட் பிடிக்கக் கூடாது.'

"மேடம்," என்றாள் சில்லறை, "கேஸ் குறைஞ்சதும் வேன் ஓட்டப் போயிட்டீங்களா?"

"அது வைரஸ்," என்றார் குமாஸ்தா நம்பிக்கையோடு. "அப்பப்ப தானா வந்து விழும். பின்பக்கம் காலியா இருக்கேன்னு எழுதறதுக்கு வெச்சுக்கறேன்."

"வைரஸுக்குக் கைக்குழந்தை கிடையாது," என்றார் சித்தப்பா. "மேடம், உங்க தம்பிக்கு ஒரு போன் போடுங்க. ஸ்பீக்கர்ல."

தம்பி மூன்றாவது மணியிலேயே எடுத்தான். எங்கோ ஏணி மேல் நின்றபடி பேசுகிற மாதிரி மூச்சு வாங்கியது.

"அந்த மேல போற கேபிள் எங்க போகுது தம்பி?" என்றார் சித்தப்பா.

"மாடிக்கு சார். டிராவல்ஸ் ஆபீஸுக்கு. அவங்ககிட்ட இன்டர்நெட் இருக்கு, ரெண்டு பேரும் பகிர்ந்துக்கலாம்னாங்க. அவங்களுக்கும் நான்தான் நெட்வொர்க் போட்டேன். என்னோட ரெண்டாவது."

"அவங்ககிட்ட பிரின்டர் இருக்கா?"

"இருக்கே."

"அதுக்கு என்ன நம்பர் குடுத்தே?"

தம்பியின் குரலில் பெருமை வழிந்தது. "ஐம்பது சார். நான் எங்க போட்டாலும் பிரின்டருக்கு ஐம்பதுதான். அக்கா ஆபீஸ்லயும் ஐம்பது. அப்பதானே மறக்காது."

சித்தப்பா போனை வைத்தார். முகத்தில் ஒரு வெளிச்சம். அவரால் அதை விளக்காமல் இருக்க முடியாது என்பது சில்லறைக்குத் தெரியும். வீடு பற்றி எரிந்தாலும் தீ எப்படிப் பரவுகிறது என்று சொல்லிவிட்டுத்தான் தண்ணீர் எடுப்பார்.

"கேபிள் போட்டா மட்டும் நெட்வொர்க் ஆயிடாதும்மா. அதுல இருக்கற ஒவ்வொண்ணுக்கும் ஒரு கதவு எண் வேணும். கம்ப்யூட்டர் பிரிண்ட் அனுப்பணும்னா, தெருவுல இறங்கிக் கத்தும்: 'ஐம்பதாம் நம்பர் வீடு யாருது?' பிரின்டர் 'நான்தான்' னு சொல்லும். குடுத்துடும். கீழே ஒரு தெரு, மேலே ஒரு தெரு. தனித்தனியா இருந்தவரைக்கும் ரெண்டு தெருவுலயும் ஐம்பதாம் நம்பர் இருந்தா என்ன, யாருக்கு நஷ்டம்? ஆனா அந்த ஒரு கேபிளை இழுத்ததும் ரெண்டு தெருவும் ஒரே தெருவாயிடுச்சு. இப்ப ஒரே தெருவுல ரெண்டு ஐம்பது."

"சித்தப்பா, சீக்கிரம்..."

"பிரின்டரை அணைச்சுப் போட்டா, அது எழுந்ததும் முதல் வேலையா ஊருக்கே அறிவிக்கும்: 'ஐம்பது நான்தான், ஐம்பது நான்தான்!' கடைசியா யார் கத்தினாங்களோ அவங்க பேச்சைத்தான் கம்ப்யூட்டர் நம்பும். இங்க இவர் ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா இங்க வரும். அப்ப மேல இருக்கறவங்க குடுத்த பிரிண்டும் இங்கதான் வந்து விழும், உங்க லெட்டர்ஹெட்டுல. அவங்களுக்கு வராது. அவங்க என்ன பண்ணுவாங்க?"

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவாங்க," என்றார் குமாஸ்தா, மெதுவாக.

"உடனே மேல இருக்கற பிரின்டர் ஐம்பது ஆயிடும். அதுக்கப்புறம் மேடம் பிரிண்ட் குடுத்தா..."

சித்தப்பா தானாகவே நிறுத்தினார். முகத்திலிருந்த வெளிச்சம் அணைந்தது.

எல்லோரும் ஒரே நேரத்தில் ஜன்னலோரப் பிரின்டரைப் பார்த்தார்கள். அங்கே மூன்றாவது கடிதம் இன்னும் சூடு ஆறாமல் கிடந்தது. இரண்டாவது தடவை கொடுத்ததால் வந்தது அது.

"அப்ப முதல் தடவை குடுத்தது?" என்றாள் சில்லறை.

கேட்டுவிட்டு அவள் நிற்கவில்லை.

மாடிப்படியில் அவள் ஏறியதைவிட விழுந்து எழுந்ததே அதிகம். டிராவல்ஸ் அலுவலகக் கண்ணாடிக் கதவைத் தள்ளியபோது, மேஜைக்குப் பின்னால் வட்ட முகத்தோடு ஒரு பெண்மணி செல்போனைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பிரின்டர். அதன் தட்டில் ஒரே ஒரு வெள்ளைத் தாள். இடது ஓரத்தில் முடி மாதிரி கறுப்புக் கோடு. நடுவில் அக்காவின் மூன்றாவது விலாசம்.

சில்லறை தாளைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "கிடைச்சிடுச்சு," என்றாள். பின்னால் மூச்சிரைக்க வந்த சித்தப்பாவிடம் சிரிக்கக்கூடச் செய்தாள். "சித்தப்பா, கிடைச்சிடுச்சு!"

"அது உங்களுதா?" என்றாள் டிராவல்ஸ்காரம்மா ஆச்சரியத்தோடு. "அந்தத் தம்பியுதுன்னுல்ல நினைச்சேன்? இப்பதான் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பிச்சேன்."

சில்லறை அவள் கையிலிருந்த செல்போனைப் பார்த்தாள்.

"எந்தத் தம்பி?" என்றார் சித்தப்பா. கேட்ட விதத்தில் அவசரமே இல்லை. நாற்காலியைக்கூட இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"முதல் தடவை இந்த மாதிரி ஒரு பேப்பர் வந்துச்சுங்க. யாருதுன்னே தெரியலை. அடுத்தவங்க பேப்பரைப் படிக்கறது தப்புன்னு நான் படிக்கலை. ஆனா கீழே ஒரு போன் நம்பர் இருந்துச்சு. பாவம், தேடுவாங்களேன்னு கூப்பிட்டேன். அந்தத் தம்பிதான் எடுத்தாரு. ஓடி வந்து வாங்கிட்டுப் போனாரு. தங்கமான மனுஷன். தொலைஞ்சு போன குழந்தையைத் தேடறாராம். போட்டோவைக் காட்டித் தேம்பித் தேம்பி அழுதாரு. இனிமே இப்படி வந்தா உடனே சொல்லுங்கக்கான்னாரு. ரெண்டாவது பேப்பரையும் அப்படித்தான் குடுத்தேன்."

சித்தப்பா சில்லறையின் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தார். அக்காவைப் பாதுகாக்க வேண்டும் என்று வக்கீலம்மா அவளுடைய எண்ணைக் கவனமாக விட்டுவிட்டிருந்தார். எதிராளியின் எண்ணைப் போலீஸுக்காகக் குறித்திருந்தார். தாள் முழுக்கத் தேடினாலும் அந்த ஒரே எண்தான் இருந்தது. லெட்டர்ஹெட் இருந்திருந்தால் இந்த நல்ல பெண்மணி நேராகக் கீழே இறங்கி வந்து வக்கீலம்மாவிடம் கொடுத்திருப்பாள்.

திருடன் என்று ஒருவனும் இல்லை. தொலைந்த பொருளை உரியவரிடம் சேர்க்கிற ஒரு நல்ல மனசுதான் இருந்தது.

"அவன் அந்தக் குழந்தையோட அம்மாவை அடிச்சு விலா எலும்பை உடைச்சவன்," என்றாள் சில்லறை. "அவ என் அக்கா."

டிராவல்ஸ்காரம்மாவின் கை வாய்க்குப் போனது. செல்போன் மேஜையில் விழுந்தது. திரையில் அவன் அனுப்பிய பதில் தெரிந்தது: 'கிளம்பிட்டேன்கா. ரொம்ப நன்றி.'

சில்லறை அக்காவைக் கூப்பிட்டாள். அணைக்கப்பட்டிருந்தது. மறுபடி கூப்பிட்டாள். அணைக்கப்பட்டிருக்கும் என்று தெரிந்தே மறுபடியும். சித்தப்பா தனக்குத் தெரிந்த இன்ஸ்பெக்டரம்மாவிடம் பேசினார். அந்தத் தெரு வேறு ஸ்டேஷன் எல்லை. சொல்லிவிடுகிறேன், ஆனால் அவர்கள் கிளம்பி, விலாசம் தேடி, போய்ச் சேர்வதற்குள்... என்று மறுமுனை இழுத்தது.

"நான் போறேன்," என்றாள் சில்லறை.

"உன் ஸ்கூட்டர் பாலத்தைத் தாண்டறதுக்குள்ள அவன் வாசல்ல நிப்பான்."

"அப்ப என்ன பண்ணச் சொல்றீங்க? இங்க உக்காந்து கதவு எண்ணைப் பத்திப் பாடம் கேக்கவா?" அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏதாவது பண்ணுங்க சித்தப்பா. நான் கேலி பேசினதுக்கெல்லாம் மன்னிச்சுக்குங்க. ஏதாவது பண்ணுங்க."

சித்தப்பா அந்தக் கறுப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் எதை நம்பறான்?" என்றார். "யாரையும் நம்பாதவன். இந்த அம்மாவையும் நம்பலை, ரெண்டு தடவை சரியா வந்த இந்தப் பிரின்டரைத்தான் நம்பறான். அப்ப இதுவே இன்னொரு தடவை பேசட்டும்."

அடுத்த நொடி போனில் இன்ஸ்பெக்டரம்மா. அவர் ஸ்டேஷனுக்குப் பின்சந்தில் ஒரு காலி வீடு; அவரே ஆட்களோடு உள்ளே காத்திருப்பார். கதவு எண் நாலு. அதற்கடுத்த நொடி கீழே வக்கீலம்மா. "அதே கடிதம் மேடம். விலாசத்தை மட்டும் மாத்துங்க. மேல, 'முன்பு தந்த விலாசம் தவறு, ரத்து' னு ஒரு வரி. பிரிண்ட் குடுங்க."

டிராவல்ஸ்காரம்மா அவனைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் வண்டிச் சத்தத்தோடு அவன் குரல் வந்தது.

"சொல்லுங்கக்கா."

அந்த 'அக்கா' சில்லறையின் முதுகில் பல்லியாக ஊர்ந்தது.

"தம்பி, முன்னாடி அனுப்பினது தப்பாம். புதுசா ஒண்ணு வருது. விலாசம் மாறியிருக்கு போல."

குரல் குளிர்ந்துபோனது. "நான் பாலத்துக்கிட்ட வந்துட்டேன். போட்டோ அனுப்புங்க. முழுத் தாளும் தெரியணும். ஓரத்துல உங்க பிரின்டர் கோடு இருக்கும் பாருங்க, அதோட."

தொடர்பு அறுந்தது.

"பாத்தியா," என்றார் சித்தப்பா. "கோட்டைக் கேக்கறான்."

சில்லறை பிரின்டர் முன்னால் நின்றாள். தட்டு காலி. ஒரு சத்தமும் இல்லை.

"குடுத்தாச்சா மேடம்?" என்று போனில் கத்தினாள்.

"குடுத்துட்டேனே! இங்க வந்து விழுந்துடுச்சு. லெட்டர்ஹெட்டுல!"

ஒரு கணம் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பாலத்தைத் தாண்டினால் அக்கா வீடு. வண்டி ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்த எழவெடுத்த காகிதம் கீழே போய் விழுகிறது. கீழே ஏன்?

கீழேதான். கடைசியாகக் கத்தியது குமாஸ்தாவின் பிரின்டர் அல்லவா? மூக்கை உறிஞ்சிக்கொண்டே அவர் அணைத்துப் போட்டாரே! இப்போது தெருவுக்கு ஐம்பது அதுதான்.

சில்லறை கையை நீட்டி மாடிப் பிரின்டரின் சுவிட்சை அணைத்தாள். கண்ணை மூடினாள். குமாஸ்தா எண்ணிய மாதிரியே மனசுக்குள் எண்ணினாள். போட்டாள். அது முனகியது, இருமியது, சக்கரங்களைச் சுழற்றியது. அவளுக்குத் தெரிந்து உலகத்திலேயே மெதுவாக விழித்த ஜீவன் அதுதான். கடைசியில் பச்சை விளக்கு எரிந்தது. கத்து, என்றாள் அதனிடம் மனசுக்குள். ஐம்பது நான்தான்னு கத்து.

"மேடம், மறுபடி குடுங்க!"

காகிதம் உள்ளே இழுபட்டது. வெள்ளைத் தாள். கதவு எண் நாலு. இடது ஓரத்தில், மேலிருந்து கீழ் வரை, முடி மாதிரி ஒரு கறுப்புக் கோடு. எந்த ஓவியத்தையும் சில்லறை அவ்வளவு ஆசையாகப் பார்த்ததில்லை.

டிராவல்ஸ்காரம்மா போட்டோ எடுத்து அனுப்பினாள். பார்த்துவிட்டான் என்பதற்கான குறி வந்தது. பதில் வரவில்லை.

குமாஸ்தாவும் வக்கீலம்மாவும் மேலே வந்து கதவோரம் நின்றார்கள். சாலையில் போன ஒவ்வொரு வண்டியின் சத்தத்துக்கும் சில்லறை ஜன்னலுக்குப் போய் வந்தாள். அவன் நம்பாவிட்டால்? பாலத்தில் திரும்பாமல் நேராகப் போயிருந்தால்? 'எதுக்கும் முதல் விலாசத்தை ஒரு எட்டுப் பாத்துடுவோம்' என்று நினைத்திருந்தால்?

"அவர் அழுதாரே," என்றாள் டிராவல்ஸ்காரம்மா, யாரிடமும் இல்லாமல். "அது நடிப்பா?"

"அழுதது நிஜமாத்தான் இருக்கும்மா," என்றார் சித்தப்பா. "அழறவன் எல்லாம் நல்லவன்னு யாரு சொன்னது?"

வெளியே வெயில் மஞ்சளாகி, பிறகு பழுப்பானது. சித்தப்பாவின் போன் அடித்தது. இன்ஸ்பெக்டரம்மா. சித்தப்பா காதில் வாங்கினார், 'ம்' என்றார், மறுபடி 'ம்' என்றார். சில்லறை அவர் சட்டையைப் பிடித்து உலுக்காத குறை.

"கதவு எண் நாலைத் தட்டினானாம்," என்றார் சித்தப்பா போனை வைத்துவிட்டு. "இன்ஸ்பெக்டரம்மாவே திறந்து பிடிச்சுட்டாங்களாம். பையில தடை உத்தரவு நகலும் இருந்துச்சாம், நாலா மடிச்சு."

வக்கீலம்மா சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். டிராவல்ஸ்காரம்மா முகத்தை மூடிக்கொண்டாள். சில்லறை குமாஸ்தாவின் பக்கம் திரும்பினாள்.

"ஐயா," என்றாள். "நான் உங்களை..."

"விடும்மா. என் பொண்ணு கட்டிலுக்கு அடியில தூங்கியிருந்தா, நான் துளைக்கருவியாலயே அடிச்சிருப்பேன்." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்தப் பையன் வரட்டும். மாடிக்கு வேற நம்பர் போடச் சொல்லிட்டுத்தான் நான் வீட்டுக்குப் போவேன்."

அப்போது சில்லறையின் போன் அடித்தது. பொழுது சாய்ந்திருந்தது. திரையில் அக்கா.

"எங்கடி இருக்கே?" என்றது குரல், சாதாரணமாக. பின்னணியில் குழந்தை ஏதோ பாடிக்கொண்டிருந்தது. "இங்க ஒண்ணும் இல்லை. நாள் பூரா யாரும் வரலை. நீ சாப்பிட்டியா? ஏய், என்ன மூச்சு மட்டும் கேக்குது? பேசேன்டி!"

சில்லறை வாயைத் திறந்தாள். ஒரு வார்த்தைகூட வரவில்லை. மறுபடி திறந்தாள். கண்ணிலிருந்துதான் வந்தது.

சித்தப்பா அவளைப் பார்த்தார். பிறகு குமாஸ்தாவைப் பார்த்தார்.

"முதல் தடவை வராது போலிருக்கு," என்றார். "கொஞ்சம் இவளை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்களேன்."